பிறர் விடும் புகையும் பொதுவில் இருக்கும் காற்றும்

பற்றவைத்த சிகரெட் ஒன்றைச் சாம்பல் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, யாரும் அதைத் தொடாமல் சற்று நேரம் கவனித்தால், அதன் நுனியிலிருந்து நீலச் சாயல் கொண்ட மெல்லிய இழை ஒன்று நேராக மேலெழுவதும், ஒரு சாண் உயரம் போனதும் நெளிந்து சுருண்டு கலைவதும், பிறகு கண்ணுக்கே தெரியாமல் மறைவதும் புலப்படும். அதே சிகரெட்டை ஒருவர் இழுத்து ஊதும்போது வெளிவரும் புகையில் அந்த நீலம் இருக்காது. அது வெளிறிய சாம்பல் நிறமாக இருக்கும். நுனியிலிருந்து நேரே கிளம்பும் துகள்கள் மிக நுண்ணியவை ஆதலால் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. நுரையீரலுக்குள் போய்வந்தவையோ அங்குள்ள ஈரத்தை ஏற்றுப் பருத்துவிடுகின்றன. நிறம் மாறுவதற்கு அதுவே காரணம். இந்த இரண்டு புகைகளும் கலந்த காற்றைத்தான், புகைபிடிக்காத ஒருவர் விருப்பமில்லாமலே சுவாசிக்க நேரும்போது, இரண்டாம்நிலைப் புகை என்கிறோம். பேச்சு வழக்கில் ‘பாசிவ் ஸ்மோக்கிங்’ என்று சொல்லப்படுவதும் இதையே.

‘இரண்டாம்நிலை’ என்னும் சொல்லைக் கேட்டவுடன், முதல்நிலையைவிட வீரியம் குறைந்தது, ஒருமுறை வடிகட்டப்பட்டது என்பது போன்ற எண்ணம் நமக்கு எழுந்துவிடுகிறது. உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. ஓர் அறையில் நிறையும் இரண்டாம்நிலைப் புகையில் ஏறத்தாழ 85 விழுக்காடு எவருடைய வாய்க்குள்ளும் போகாமல், சிகரெட்டின் பஞ்சு வடிகட்டியையும் தொடாமல், எரியும் நுனியிலிருந்து நேரடியாக அறைக்குள் வருவது. புகைப்பவர் இழுக்கும் நொடியில் அந்த நுனி 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. இரண்டு இழுப்புகளுக்கு இடையில் அது 600 டிகிரிக்கு அருகில் தணிந்து, போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் அரைகுறையாகக் கனன்றுகொண்டிருக்கிறது. ஈர விறகு அடுப்பில் புகைவதைப் பார்த்தவர்களுக்கு அரைகுறை எரிதல் என்னவெல்லாம் தரும் என்பது தெரியும். இதனால், எடைக்கு எடை ஒப்பிட்டால், நுனிப் புகையில் கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, புற்றுநோயை உண்டாக்கவல்ல சில நைட்ரசோஅமைன்கள் ஆகியவை புகைப்பவர் உள்ளிழுக்கும் புகையில் இருப்பதைவிட அதிகம். அறைக் காற்றில் கலந்து நீர்த்துப்போவதால் பக்கத்தில் இருப்பவருக்குப் போய்ச்சேரும் மொத்த அளவு புகைப்பவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவுதான் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். ஆனால், அளவு குறைவு என்பதும் ஆபத்து குறைவு என்பதும் ஒன்றல்ல என்பதை இனி வரும் பகுதியில் காணலாம்.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் நூற்றுக்கணக்கானவை நச்சுத்தன்மை கொண்டவை, ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஆர்சனிக், காட்மியம், போலோனியம்-210 என்று அந்தப் பட்டியல் நீளும். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. இவற்றில் சில வாயுக்கள், சில துகள்கள் என்ற ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காற்றுச் சுத்திகரிப்பான்களைப் பற்றிப் பேசும்போது அது உதவும்.

உடலுக்குள் நடப்பது

இந்தத் துறையில் திருப்புமுனையாக அமைந்தது 1981-ஆம் ஆண்டு. ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, 40 வயதைக் கடந்த, புகைபிடிக்கும் வழக்கமில்லாத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதிகமாகப் புகைபிடிக்கும் கணவரை உடைய பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று வெளியிட்டார். கணவர் பிடித்த சிகரெட்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட மனைவிக்கான ஆபத்தும் கூடிக்கொண்டே போனது என்பதுதான் அந்த ஆய்வின் வலிமை. அதே ஆண்டில் கிரேக்கத்தில் நடந்த மற்றோர் ஆய்வும் அதே திசையைக் காட்டியது. புகையிலை நிறுவனங்கள் இந்த முடிவுகளைக் கடுமையாக எதிர்த்தன; எனினும் 1986-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை, தாம் புகைபிடிக்காதவருக்கும் புகை நோயைத் தருகிறது என்று உறுதிசெய்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002-இல் இரண்டாம்நிலைப் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று ஐயமின்றி நிறுவப்பட்ட முதல் தொகுதியில் சேர்த்தது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது அமெரிக்க அறிக்கையொன்று 2006-இல் திட்டவட்டமாகச் சொன்ன முடிவு.

புற்றுநோய்தான் எல்லோருடைய நினைவுக்கும் முதலில் வருகிறது. ஆனால் உயிரிழப்புகளின் எண்ணிக்கையில் இதயமே முன்னிற்கிறது. புகைபிடிப்பவருடன் வாழ்பவருக்கோ வேலை செய்பவருக்கோ நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து 20 முதல் 30 விழுக்காடு வரை கூடுகிறது. இதய நோய்க்கான ஆபத்து 25 முதல் 30 விழுக்காடு வரை கூடுகிறது. இதய நோய் இயல்பாகவே மிகுதியாகக் காணப்படுவது என்பதால், அதில் கால் பங்கு கூடுவது பெரும் எண்ணிக்கையாகிவிடுகிறது. இங்கேதான் அளவுக்கும் ஆபத்துக்கும் இடையிலான உறவு நம் எதிர்பார்ப்பிலிருந்து விலகுகிறது. புகை நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் இதயத்துக்கு நேரும் தீங்கும் நூறில் ஒரு பங்காகக் குறையும் என்று நினைக்கத் தோன்றும், அப்படி நடப்பதில்லை. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மையும் இரத்தக் குழாய்களின் உட்சுவர் விரிந்து கொடுக்கும் திறனும் மிகக் குறைந்த புகைக்கே பாதிக்கப்பட்டுவிடுகின்றன. புகைபிடிக்காத இளைஞர்கள் அரை மணி நேரம் புகை நிறைந்த அறையில் இருந்ததற்கே அவர்களின் இதயத் தமனிகளில் இரத்த ஓட்டத்தின் இருப்புத் திறன், அதாவது தேவைப்படும்போது இரத்த ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ளும் திறன், குறைந்ததை 2001-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று அளந்து காட்டியது.

குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். அவர்களின் மூச்சுக்குழல் குறுகியது. எழுந்து வேறு அறைக்குப் போகும் உரிமை பெரும்பாலும் அவர்களிடம் இல்லை. ஆஸ்துமா தீவிரமடைதல், நடுச்செவித் தொற்று, நுரையீரல் அழற்சி, கைக்குழந்தைகள் உறக்கத்தில் திடீரென இறந்துபோதல் ஆகியவற்றோடு இந்தப் புகைக்கு உள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட, புகைபிடிக்காத மனிதர்கள் பிறருடைய புகையால் உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

சன்னலைத் திறந்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை காணலாம். ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள், 2.5 மைக்ரானுக்கும் குறைவான விட்டமுடைய நுண்துகள்கள் ஏறத்தாழ 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம், காற்றில் கலக்கின்றன. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 280 மைக்ரோகிராம் வருகிறது. ஒரு நாள் முழுவதற்குமான சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டி அளவு.

இப்போது, அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒரு மணி நேரத்தில் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் பழைய காற்று முழுவதும் வெளியேறிவிடும் என்று தோன்றினாலும், வருகிற காற்று பழையதோடு கலந்துகொண்டே வெளியேறுவதால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் மணி நேர முடிவில் 280 என்பது 100-ஐ ஒட்டி இறங்கும். இரண்டாவது மணி நேர முடிவில் 38 ஆகும். 15-க்குக் கீழே வர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அதுவும் அந்த மூன்று மணி நேரத்தில் யாரும் இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைக்காமல் இருந்தால்தான். அதே அறையில் மணிக்கு மூன்று சிகரெட் வீதம் தொடர்ந்து புகைக்கப்பட்டால், காற்றை 15 மைக்ரோகிராம் அளவில் வைத்திருக்க, மணிக்கு ஐம்பத்தைந்து முறை அறைக் காற்றை முழுக்க மாற்றியாக வேண்டும். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த அறையில் மேசை மீது ஒரு தாள்கூட நிற்காது.

காற்றுச் சுத்திகரிப்பான் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நல்ல வடிகட்டி துகள்களைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் அதன் வழியே தங்குதடையின்றிப் போய்விடும். குளிரூட்டி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றுகிறது. புகையை வெளியேற்றும் வேலை அதற்குக் கிடையாது. நறுமணத் தெளிப்பான் செய்வது இன்னும் மோசமான வேலை, ஏனெனில் எச்சரிக்கை தருகிற ஒரே அடையாளமான வாடையையும் அது மறைத்துவிடுகிறது. காற்றோட்ட அமைப்புகளை வடிவமைக்கும் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமே, உட்புறத்தில் புகைபிடிப்பதை முழுவதும் நிறுத்துவதைத் தவிர உடல்நல ஆபத்தை நீக்குவதற்கு வேறு வழி இல்லை என்று நிலைப்பாடு எடுத்திருக்கிறது. காற்றோட்டக் கருவிகளை வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் சொல்வது என்பதால் இந்தச் சான்றுக்கு எடை அதிகம் என்பது என் எண்ணம்.

புகைபிடிக்கத் தனி அறை ஒதுக்கும் ஏற்பாடும் இதே காரணத்தால்தான் தோற்கிறது. அந்த அறையின் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விசிறியைப்போல் காற்றை வெளியே தள்ளுகிறது. வெளியேறுபவரின் பின்னால் புகையும் ஒரு வால்போலத் தொடர்ந்து வருகிறது. இந்த ஏற்பாட்டின் அபத்தம் அப்பட்டமாகத் தெரிந்த இடம் விமானம். ஒரு வரிசை வரை புகைபிடிக்கலாம், அடுத்த வரிசையிலிருந்து கூடாது என்று பிரித்துவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த எல்லை வரிசையில் உட்கார்ந்தவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பது புகைக்குத் தெரியவில்லை. விமானப் பணிப்பெண்கள் உள்ளிட்டோர் தொடர்ந்து குரல் கொடுத்தபின் அமெரிக்காவில் 1988-இல் குறுந்தொலைவு உள்நாட்டுப் பயணங்களிலும், 1990-இல் ஏறக்குறைய எல்லா உள்நாட்டுப் பயணங்களிலும், 2000-இல் அந்நாட்டுக்கு வந்துபோகும் பன்னாட்டுப் பயணங்களிலும் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது.

சிகரெட் அணைந்த பின்னும் கதை முடிவதில்லை. திரைச்சீலை, மெத்தை, சுவர்ப் பூச்சு, தலைமுடி ஆகியவற்றில் படிந்த நிக்கோட்டின் மீண்டும் மெல்லமெல்லக் காற்றில் கலப்பதோடு, உட்புறக் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்துடன் வினைபுரிந்து புதிய நச்சுப்பொருள்களையும் உருவாக்குகிறது. இதை மூன்றாம்நிலைப் புகை என்பார்கள். தரையில் தவழ்ந்து, கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தைக்கே இது அதிகம் போய்ச்சேரும்.

திறந்தவெளியில் நிலைமை வேறு. காற்று விரைவாகக் கலைத்துவிடுவதால், புகைப்பவரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அரை மீட்டர் தொலைவில், அதுவும் காற்று புகையைக் கொண்டுவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உட்புறத்துக்கு இணையான அளவு கிடைக்கும். எனவே வெட்டவெளி முழுவதையும் ஒன்றாகப் பார்க்காமல், வாயில், சன்னல், காற்று உள்வாங்கும் துளை, மக்கள் வரிசையில் நிற்கும் இடம் ஆகியவற்றின் அருகாமையை மட்டும் தனியாகக் கருதுவது பொருத்தமானது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் சிக்கல்

பொது இடங்களில் எளிதானவை அலுவலகமும் உணவகமும், கடினமானது குடியிருப்பு. அது ஒருவருடைய சொந்த வீடு என்பதால் விதி போடுவதில் இயல்பாகவே தயக்கம் எழுகிறது. ஆனால் கட்டடத்தின் காற்று வீட்டு வாசலில் நின்றுவிடுவதில்லை. மின்கம்பிக் குழாய், கழிவுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி, குளியலறைகளை மேலும் கீழும் இணைக்கும் காற்றுக் கூண்டு, கதவடி இடுக்கு, படிக்கட்டு, லிஃப்ட் பாதை ஆகிய அனைத்தும் அதற்கு வழிகளே. உட்புறம் வெளிப்புறத்தைவிட வெப்பமாக இருக்கும்போது காற்று கீழிருந்து மேலே ஏறுகிறது. எனவே கீழ்த்தளத்தில் பிடிக்கும் சிகரெட்டின் வாடை இரண்டு மாடிக்கு மேலே உள்ள குளியலறையில் எழுவதில் வியப்பில்லை. உங்கள் வீட்டில் எந்த வழியாகக் காற்று நுழைகிறது என்று அறிய, மெல்லிய டிஷ்யூ தாளின் ஒரு கீற்றைக் கதவடியிலும், சுவரில் குழாய் நுழையும் இடத்திலும், வெளியேற்று விசிறியின் முன்னும் பிடித்துப் பாருங்கள். கீற்று உங்களை நோக்கி அசைந்தால் காற்று உள்ளே வருகிறது. அந்த இடைவெளிகளை அடைப்பது ஓரளவு பயன் தரும், முழுத் தீர்வாகாது.

அமெரிக்காவில் அரசு நடத்தும் பொதுக் குடியிருப்புகள் அனைத்தும் 2018 ஜூலை 30-க்குள் புகையற்றவையாக வேண்டும் என்று விதி வந்தது. வீடுகளின் உட்புறம், பொதுப் பகுதிகள், கட்டடத்திலிருந்து 25 அடிக்குட்பட்ட வெளிப்புறம் ஆகிய மூன்றையும் அது உள்ளடக்கியது. புகைபிடிப்பவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. புகையில்லா விதிகளைப் பற்றிய பெரும்பாலான சண்டைகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருகின்றன. விதி கட்டுப்படுத்துவது பற்றவைக்கும் இடத்தை; பற்றவைக்கும் ஆளின் தகுதியைப் பற்றி அதற்குக் கருத்து எதுவும் தேவையில்லை.

விதிகள் எப்படி வந்தன, எப்படி எழுதப்பட வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003-இல் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. உட்புறப் பணியிடம், பொதுப் போக்குவரத்து, உட்புறப் பொது இடம் ஆகியவற்றில் மக்களைப் புகையிலிருந்து காக்கும் கடமையை அதன் எட்டாம் பிரிவு உறுப்பு நாடுகளுக்கு விதிக்கிறது. முழுமையான தடை மட்டுமே பயன் தரும் என்பதை அதற்கென 2007-இல் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாக்கின. உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் முன்பே, 2004 மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உட்பட எல்லா உட்புறப் பணியிடங்களிலும் புகைபிடிப்பதைத் தடைசெய்த முதல் நாடாக அயர்லாந்து ஆனது. அந்தச் சட்டம் வாடிக்கையாளரின் வசதியைவிட, மதுக்கூடப் பணியாளரின் நுரையீரலையே முன்னிறுத்தியது. வந்துபோகிறவர் வேண்டாமென்றால் வேறு இடம் போகலாம். எட்டு மணி நேரம் அங்கேயே நின்று பரிமாறுகிறவர் எங்கே போவார்?

பலன் விரைவாகவே தெரியவருகிறது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 அன்று தடை வந்தது. மதுக்கூடங்களின் காற்றில் அதற்கு முன் கன மீட்டருக்குச் சராசரியாக 246 மைக்ரோகிராமாக இருந்த நுண்துகள் அளவு தடைக்குப்பின் 20-ஆக இறங்கியது. மேலே நாம் போட்ட ஒற்றை சிகரெட் கணக்கோடு அந்த முதல் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்பது மருத்துவமனைகளில் மாரடைப்பு உள்ளிட்ட தீவிர இதயப் பிரச்சினைகளுக்காகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் குறைவின் பெரும்பங்கு புகைபிடிக்காதவர்களிடையே நேர்ந்தது. உணவகங்களும் மதுக்கூடங்களும் வருமானம் இழந்து மூடப்படும் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, பல நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அப்படி வணிகம் சரிவதில்லை என்ற முடிவுக்கு 2009-இல் வந்தது.

ஒரு குடியிருப்புச் சங்கமோ சிறிய அலுவலகமோ தனக்கென விதி எழுத முற்படும்போது சொற்களில்தான் முதலில் வழுக்குகிறது. ‘தயவுசெய்து புகைபிடிப்பதைத் தவிர்க்கவும்’ என்று எழுதினால் அது ஒரு வேண்டுகோள். வேண்டுகோளை மறுக்கவும் செய்யலாம். ‘இக்கட்டடத்தின் உட்பகுதி முழுவதிலும், படிக்கட்டு, லிஃப்ட், மாடி, மூடிய வாகன நிறுத்தம் ஆகியவற்றிலும், வாயில்களுக்கும் சன்னல்களுக்கும் எட்டு மீட்டருக்குட்பட்ட இடத்திலும் சிகரெட், பீடி, சுருட்டு, மின்சிகரெட் எதையும் பயன்படுத்த அனுமதி இல்லை, விருந்தினர்களுக்கும் இது பொருந்தும்’ என்று எழுதினால் வாதத்துக்கு இடம் குறையும். மின்சிகரெட்டில் எரிதல் இல்லை என்பதால் அது புகையாகாது என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அதன் ஆவியிலும் நிக்கோட்டினும் நுண்துகள்களும் இருப்பதால் அதைப் பெயர் சொல்லியே சேர்ப்பது நல்லது. மேலாளரின் அறைக்கு மட்டும் விலக்கு என்ற ஒரு வரி போதும், மொத்த விதியும் செல்லாக்காசாகிவிட. விதி நடைமுறைக்கு வரும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே அறிவிப்பதும், முறையீட்டை யாரிடம் சொல்வது என்று பெயர்ப்பலகையிலேயே குறிப்பிடுவதும், விட்டுவிட விரும்புபவர்களுக்கு நிக்கோட்டின் மாற்று மருத்துவம், ஆலோசனை ஆகியவை எங்கே கிடைக்கும் என்று அந்த அறிவிப்பிலேயே சேர்ப்பதும் மனக்கசப்பைப் பெருமளவு குறைக்கும்.

அக்கம்பக்கத்தில் பேச்சுவார்த்தையைத் தொடங்குபவர்கள் ‘நீங்கள் புகைபிடிக்கிறீர்கள்’ என்று ஆளைச் சுட்டித் தொடங்காமல், ‘இரவு பத்து மணியளவில் எங்கள் குளியலறைக்குள் புகை வருகிறது’ என்று இடத்தையும் நேரத்தையும் சுட்டித் தொடங்கினால், எதிரில் நிற்பவருக்குத் தற்காத்துக்கொள்ள வேண்டிய தேவை எழாது. தம் வீட்டுப் புகை மேல்வீட்டுக்கு ஏறுகிறது என்பதை உண்மையிலேயே அறியாதவர்கள் பலர். ஒரு வாரத்துக்கு நாளும் நேரமும் குறித்து வைத்திருந்தால், அது பின்னர் சங்கக் கூட்டத்திலும் பயன்படும்.

கடைசியாக ஒரு சிறு விவரம். வாயிலில் ‘புகைபிடிக்க அனுமதி இல்லை’ என்ற பலகையும், அதற்கு நேர் கீழே மணல் நிரப்பிய சாம்பல் தொட்டியும் ஒன்றாக நிற்பதை அடிக்கடி காணலாம். தொட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்கள் நின்று புகைப்பார்கள்; கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் புகை உள்ளே வரும். புதிய விதியின் முதல் நாளில் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தத் தொட்டியைத் தூக்கி, வாயிலிலிருந்து எட்டு மீட்டருக்கு அப்பால், எந்தச் சன்னலுக்கும் கீழே இல்லாத ஓரிடத்தில் வைப்பது.